பத்தொன்பது நாள் என் கையில் இருந்த முறைப்பாடு

புதிதாக விசிலைக் கழுத்தில் மாட்டியிருக்கும் உங்களுக்கு,

நீங்கள் என்னிடம் எழுதித் தரச் சொன்னது இறுதி ஆட்டங்களைப் பற்றி. தோற்றுக்கொண்டிருந்த அணியை இடைவேளையில் என்ன சொல்லி எழுப்பினேன், மழையில் வழுக்கும் பந்தைப் பிடிக்க எப்படிப் பழக்கினேன் என்றெல்லாம். அவற்றை உங்கள் கையேடு சொல்லித் தரும். என்னைவிட நன்றாகவே சொல்லித் தரும். கையேட்டில் இல்லாத ஒன்றைத்தான் நான் எழுத முடியும். ஒரு பிள்ளையின் முறைப்பாடு பத்தொன்பது நாள் என் கையில் இருந்தது. அதற்காக என்னை ஒரு வருடம் திடலிலிருந்து விலக்கினார்கள். விலக்கியது சரி.

இதைக் கசப்போடு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஐம்பத்து மூன்று வயதில் முன்கூட்டியே ஓய்வு வாங்கியவன் நான். ஒரு கதிரையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்க ஏலாமல் துறைமுகத்துக்கும் சந்தைக்கும் நடந்து திரிகிறேன். ஆனாலும் நிம்மதியாக உறங்குகிறேன். அந்த உறக்கம் எப்படிக் கிடைத்தது என்பதுதான் இந்தக் கதை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பிழையை மாற்றவில்லை.

எங்கள் கல்லூரி உட்துறைமுகத்தை ஒட்டியது. கப்பல் ஊதினால் என் விசில் யாருக்கும் கேட்காது. திடலில், ஊருக்குள் திரியும் மான்கள் படுத்தெழும்பிய இடங்களைப் பெருக்கிவிட்டுத்தான் பயிற்சி தொடங்கும். நான் பெண்கள் வலைப்பந்து அணியின் தலைமைப் பயிற்றுநர். எல்லாரும் இருபதைத் தாண்டிய மாணவிகள், விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். தலைமன்னார் ரயில் ஏறி வந்தவளும் இருந்தாள், கிண்ணியாப் பாலம் கடந்து வந்தவளும் இருந்தாள்.

என் உதவிப் பயிற்றுநர் சுகந்தன். நான்தான் அவனைக் கொண்டுவந்தேன். பரிந்துரைக் கடிதத்தை எழுதியது நான். கெட்டிக்காரன். எங்கள் தடுப்பாட்டம் ஓட்டைப் பாத்திரம் மாதிரிக் கிடந்தது. அவன் வந்து ஆறு மாதத்தில் அதை அடைத்தான். சிரிக்கவைப்பான். வெயிலில் பிள்ளைகளோடு தானும் ஓடுவான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் என் தெரிவை நானே மெச்சிக்கொள்வேன். ஒருவனை நாம் கொண்டுவந்தோம் என்பதற்காகவே அவனைப் பற்றிய கெட்ட செய்தி நம் காதில் நுழையச் சிரமப்படும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மாகாணப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு பின்னேரம் பந்துகளை வைக்கும் அறையில் நான் காற்றடித்துக்கொண்டிருந்தேன். விடுதிப் பொறுப்பாளர் நஸீமா மிஸ் வாசலில் வந்து நின்றார். கிண்ணியாக்காரி. என் வயதுதான். சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாதவர்.

"சேர், அந்தப் பம்ப வைங்க. ஒரு கத இரிக்கி."

வைத்தேன்.

"தர்சினி என்னிட்ட வந்தவ. நேத்தும் வந்தவ, இண்டைக்கும் வந்தவ. சுகந்தன் அவக்கு மெசேஜ் போடுறாராம். முதல்ல பயிற்சி பத்தித்தான். இப்ப வேற மாதிரி. தனியா வெளிய வரச் சொல்றாராம். பதில் போடாட்டி, ஆடுற ஏழு பேர்ல உன்ட பேரத் தேடாத எண்டு எழுதி இரிக்கார். நான் ஃபோனப் பாத்தன், சேர். கண்ணால பாத்தன்."

தர்சினி எங்கள் கோல் சூட்டர். சம்பூர்ப் பிள்ளை. சின்ன வயதில் ஊரை விட்டு ஓடி, முகாமில் வளர்ந்து, பிறகு திரும்பிப் போன குடும்பம். அதிகம் கதைக்கமாட்டாள். வளையத்துக்குக் கீழே நின்று கையை உயர்த்தினால் பந்து தானே வழி தேடிப் போகும்.

"இத நீங்க அதிபரிட்ட எழுத்தில குடுக்க வேணும்" என்றார் நஸீமா மிஸ். "நீங்கதான் அணிக்குப் பொறுப்பு. அதான் அந்தப் புள்ள உங்களிட்டச் சொல்லச் சொன்னது."

நான் சொன்னேன்: "நான் பாத்துக்கொள்ளுறன்."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த வசனத்தை உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். நல்ல மனதோடு சொல்லப்படுகிற வசனம் அது. கேட்பவருக்கு ஆறுதலாகவும் இருக்கும். ஆனால் அதைச் சொன்ன கணத்தில் முறைப்பாடு ஒரு கல்லூரியின் கையிலிருந்து ஒரு மனிதனின் சட்டைப் பைக்குள் போய்விடுகிறது. பைக்குள் போனதை அவன் நினைத்தால் எடுக்கலாம், நினைக்காவிட்டால் துவைக்கப் போட்டுவிடலாம்.

அடுத்த நாள் சுகந்தனைக் கூப்பிட்டேன். முதலில் சிரித்தான். பிறகு கண் கலங்கினான்.

"சேர், அது பகிடிக்கு எழுதினது. அந்தப் பிள்ளை அதை உப்பிடி எடுத்திட்டுது. உங்களுக்கு என்னை எவ்வளவு காலமாத் தெரியும்?"

அப்போது எனக்குள் வந்தது நிம்மதி. மார்பு இலேசாகியது. காற்று வீசியது. இன்று நினைத்தால் அந்த நிம்மதியைத்தான் முதலில் சந்தேகித்திருக்க வேண்டும். ஒரு முறைப்பாட்டைக் கேட்டபின் நமக்கு வருகிற நிம்மதி பெரும்பாலும் யாரோ ஒருவரின் செலவில் வருகிறது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். பயிற்றுநர்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம் இது.

எங்கள் திடலில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது இரண்டு பேர் சண்டை பிடித்தால், பயிற்சி முடியும்போது நடு வட்டத்துக்குள் போய் நின்று கைகொடுக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று கைதட்டுவார்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தக் கதையை யாரும் எடுக்கக் கூடாது. முழங்கை இடித்த சண்டை, செருப்பைக் காணவில்லை என்ற சண்டை, ஒருத்தியின் காதலனைப் பற்றி மற்றவள் கதைத்த சண்டை, எல்லாம் அந்த வட்டத்துக்குள் முடிந்திருக்கின்றன. எனக்கு அதில் பெருமை. என் அணியின் குப்பை வெளியில் போகாது என்று கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பின்னேரம் நான் தர்சினியையும் சுகந்தனையும் நடு வட்டத்துக்குக் கூப்பிட்டேன்.

"ரெண்டு பேருக்கும் இடையில ஒரு சின்ன விளக்கக் குறைவு. கை குடுங்கோ."

தர்சினி என்னைப் பார்த்தாள். அவனை அல்ல, என்னை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான், சிரித்த முகத்தோடு. அவள் கையைக் கொடுத்தாள். என்ன ஏதென்று தெரியாமலே எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். துறைமுகத்துக்கு மேலே வானம் செம்மையாகக் கிடந்தது. ஒரு காயத்துக்கு மருந்து கட்டியவன்போல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கைகொடுப்பு என்ன செய்தது என்று இப்போது எண்ணிப் பாருங்கள். முறையிட்டது யார் என்பதை அவனுக்குக் காட்டிக்கொடுத்தது. இனிப் பயமில்லை என்று அவனுக்குச் சொன்னது. இருவரும் சமமாகப் பிழை விட்டவர்கள் என்று அணிக்குச் சொன்னது. அவளுக்கு என்ன சொன்னது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவள் ஆட்டமில்லாமல் திடலோர வாங்கில் இருந்தாள். பயிற்சி ஆட்டத்துக்கு ஏழு பேரைத் தெரிவுசெய்து எழுதுவது சுகந்தனின் வேலை. கீழே கையெழுத்திடுவது என் வேலை. கையெழுத்திட்டேன். "அவவின்ர ஃபோர்ம் விழுந்திட்டுது சேர்" என்றான். பார்த்தேன், உண்மைதான், விழுந்திருந்தது. எதனால் விழுந்தது என்று கேட்க வேண்டியவன் நான். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அவள் தன் நிலையின் எழுத்துப் பொறித்த மேலங்கியை மடித்துப் பந்து அறை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். படிப்பில் கவனம் செலுத்த விலகியிருக்கிறாள் என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். அவள் அப்படிச் சொல்லவேயில்லை. அவள் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் நான் ஒரு வசனத்தை எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.

நஸீமா மிஸ் இரண்டு தடவை வழியில் மறித்தார். "என்ன சேர், நடக்குதா?" "நடக்குது மிஸ்." மூன்றாம் தடவை அவர் மறிக்கவில்லை. வெறுமனே பார்த்துவிட்டுப் போனார்.

பத்தொன்பதாம் நாள். போட்டிக்கு மூன்று நாள். அணித் தலைவி கோமதி பந்து அறைக்கு வந்தாள். வாய்க்காரி. ஆட்டத்தில் நடுவரோடும் வாதாடுவாள்.

"சேர், ஒண்டு கேக்கலாமோ?"

"கேளும்."

"பந்தை மூண்டு செக்கனுக்கு மேல ஒராள் கையில வச்சிருந்தா நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"விசில் அடிப்பன். இதென்ன கேள்வி?"

"தர்சினி சொன்னதை எத்தினை நாள் வச்சிருக்கிறீங்கள் சேர்?"

அவள் ஒரு ஃபோனை நீட்டினாள். அவளுடையது அல்ல, அணியில் இன்னொரு பிள்ளையுடையது. அந்தப் பிள்ளைக்கும் அவன் எழுதத் தொடங்கியிருக்கிறான். சேரிடம் சொல்லுவேன் என்று அவள் பதில் போட்டிருக்கிறாள். அதற்குக் கீழே அவன் எழுதியது இதுதான்:

"போய்ச் சொல்லும். கை குடுக்கச் சொல்லுவார். தாறன்."

தமிழில் எனக்கு எழுதப்பட்ட எந்தக் கடிதமும் என்னை இவ்வளவு துல்லியமாக எடைபோட்டதில்லை. ஆறு சொற்கள். அவன் என்னை நன்றாகவே தெரிந்து வைத்திருந்தான். என் வழக்கமே அவனுக்குக் குடையாகிவிட்டது.

நேரே அதிபரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். மாற்றலாகிப் போக இன்னும் சில மாதங்கள். அதுவரை கூரை ஒழுகாமல் இருந்தால் போதும் என்று இருந்தவர். கதவைச் சாத்தினார்.

"ஐசே, இரும் முதல்ல. இவனை நிப்பாட்டத்தான் வேணும், அதில கதையில்லை. ஆனா போட்டி முடியட்டும். மூண்டே மூண்டு நாள்."

"இல்லை சேர். இண்டைக்கே."

"சரி, இண்டைக்கே எண்டா இண்டைக்கே. எழுதித் தாரும்." பேனையை என் பக்கம் தள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு மட்டும். நீர் இண்டைக்குத்தான் அறிஞ்சனீர் எண்டு எழுதும். கோமதி வந்து சொன்னா, உடன வந்து அறிவிச்சனீர். அதுவும் உண்மைதானே?"

"அதுக்கு முன்னம் நஸீமா மிஸ் சொன்னவ."

"வாயால சொன்னது. எழுத்தில ஒண்டும் இல்லை. ஏன் காணும் உம்மட தலையில நீரே மண்ணை அள்ளிப் போடுறீர்? கப் வேண்டாமோ உமக்கு?"

யோசித்துவிட்டு நாளை காலை தருகிறேன் என்றேன். ஆனால் சுகந்தனை அந்தப் பின்னேரமே திடலுக்கு வர வேண்டாம் என்று அதிபரின் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். அது ஒன்றை மட்டும் நேரத்தோடு செய்தேன்.

இப்போது என் முன்னால் இருந்தது என்ன என்று பாருங்கள். இரண்டு விதமாக எழுதலாம். இன்றுதான் அறிந்தேன் என்று எழுதினால் சுகந்தன் போவான், நான் இருப்பேன். அதோடு, கேட்ட உடனே ஓடிவந்து அறிவித்த நல்ல பயிற்றுநர் என்ற பெயரும் வரும். பத்தொன்பது நாளுக்கு முன்னமே அறிந்தேன் என்று எழுதினால் அணி என் கையை விட்டுப் போகும். அந்த அணிதான் என் இருபது வருடம். வேறு எதையும் நான் கட்டியதில்லை.

ஆனால் முதல் விதமாக எழுதினால் இன்னொன்றும் நடக்கும். தர்சினி ஒருபோதும் சொல்லவில்லை என்றாகிவிடும். துணிந்து முதலில் வாய் திறந்தவள் அவள். என் ஒரு வசனத்தால், காரணமில்லாமல் அணியை விட்டுப் போனவளாக, பிறகு மற்றவர்கள் சொன்னதைப் பார்த்துத் தானும் சேர்ந்துகொண்டவளாக அவள் ஆகிவிடுவாள்.

அடுத்த நாள் விடிந்ததும் மூதூர் பஸ் ஏறினேன். தர்சினி விடுப்பில் வீட்டுக்குப் போயிருந்தாள். சம்பூருக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து எழுதலாம் என்பது என் எண்ணம். யன்னலோரம் இருந்தேன். கடல் வெள்ளித் தகடாய்க் கிடந்தது. தோணிகள் அதில் கரும்புள்ளிகள். மன்னிப்புக்கான வசனங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். அழகான வசனங்கள். எனக்கே கண் கலங்கியது. கிண்ணியாப் பாலம் வரும்போது நஸீமா மிஸ் எனக்கு ஃபோன் எடுத்தார்.

"எங்க சேர் நிக்கிறீங்க? அதிபர் உங்களத் தேடுறார்."

"பஸ்ஸில மிஸ். சம்பூருக்குப் போறன்."

"என்னத்துக்கு?"

"தர்சினியிட்ட மன்னிப்புக் கேக்க."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"சேர், நீங்க அங்க போனா அந்தப் புள்ள என்ன செய்யும்? கதிரய எடுத்துப் போடும். அவட அம்மா தேத்தண்ணி ஊத்துவா. நீங்க அழுவீங்க. பொறகு அவ 'பரவாயில்ல சேர்' எண்டு சொல்ல வேண்டி வரும். பரவாயில்லயா சேர்?"

"இல்லை."

"அப்ப ஏன் அவட வாயால அதச் சொல்ல வைக்கப் போறீங்க? விசாரணைக்கு வரப்போற புள்ளயிட்ட முன்கூட்டிப் போய் நிக்கவும் ஏலாது. எறங்குங்க."

"மிஸ், நான் திகதியை எழுதினா—"

"நான் எழுதத்தான் போறன், சேர். நீங்க எழுதினாலும் எழுதாட்டியும் நான் உங்களிட்டச் சொன்ன நாள எழுதுவன். அப்ப அது என்ட சொல்லும் உங்கட சொல்லும். ஆரு சொன்னது உண்ம எண்டு வருசக் கணக்கா இழுபடும். நீங்களே எழுதினா அந்தப் புள்ளயப் பொய்க்காரி எண்டு சொல்ல ஒருத்தராலயும் ஏலாது. அவ்வளவுதான் வித்தியாசம்." பிறகு ஒரு பெருமூச்சு. "பாலத்தடிக் கடைல கொத்துரொட்டி நல்லம். காலைல கிடைக்காது. தேத்தண்ணியக் குடிச்சிட்டு எழுதுங்க."

இறங்கினேன். பாலத்தடிக் கடையில் ஒரு வாங்கில் இருந்து எழுதினேன். முதலாளி கேட்டார், "பெட்டிசனா மாஸ்டர்? ஆருக்கு எதிரா?" "எனக்கு எதிராத்தான்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, சீனி போடாத தேத்தண்ணியை, தொட்டுக்கொண்டு குடிக்க ஒரு கை சீனியோடு வைத்துவிட்டுப் போனார்.

நீளமான கடிதம் எழுதவில்லை. என்ன சொல்லப்பட்டது, யாரால், எந்த நாள், எத்தனை மணிக்கு. நான் என்ன செய்தேன். கைகொடுக்க வைத்ததை எழுதினேன். கையெழுத்திட்ட அணிப் பட்டியல்களை எழுதினேன். "பத்தொன்பது நாட்கள் இதை நான் மேலே அறிவிக்கவில்லை" என்று எழுதினேன். ஏன் என்பதற்கு ஒரு பந்தி எழுதிப் பார்த்தேன். நல்ல பந்தி. போட்டி, அணியின் பெயர், அந்தப் பையனின் எதிர்காலம் எல்லாம் வந்தன. வாசித்துப் பார்த்துவிட்டு அதை முழுக்க வெட்டினேன்.

அதிபர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் விசரன்" என்றார். பிறகு, நான் எதிர்பாராதபடி, அன்றே மேலிடத்துக்கு அனுப்பினார். பிரதியில் முத்திரை குத்தி என்னிடம் தந்தார். போட்டியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு கதைக்கவில்லை.

போட்டிக்குச் சுகந்தனும் போகவில்லை, நானும் போகவில்லை. பயிற்றுநர் வாங்கில் நஸீமா மிஸ் இருந்தாராம். அவருக்கு வலைப்பந்தில் ஒரு விதியும் தெரியாது. இடைவேளையில் தோடம்பழம் வெட்டிக் கொடுத்துவிட்டு, "புள்ளயள், ஓடுங்க" என்று மட்டும் சொன்னாராம். அரையிறுதியில் இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். கோமதி ஃபோனில் சொன்னாள், "சேர், நீங்கள் கத்துறதை விட உது பரவாயில்லை."

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். தர்சினி தாயோடு வந்திருந்தாள். விறாந்தையில் தூரத்தில் கண்டேன், தலையைக் குனிந்துகொண்டேன். என் முறை வந்தபோது, மூவரில் ஒருவரான அம்மையார் என் கடிதத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

"கை குடுக்கச் சொன்னது ஏன்?"

"அது எங்கட திடலில வழக்கம், மேடம்."

"ஆரின்ர வழக்கம்?"

"அணியின்ர."

"அணி உண்டாக்கினதோ, நீங்கள் உண்டாக்கினதோ?"

"நான்."

"அதில எப்பவாவது நீங்கள் ஆருக்கும் கை குடுத்திருக்கிறீங்களோ?"

யோசித்தேன். இருபது வருடத்தில் ஒரு தடவைகூட நான் அந்த வட்டத்துக்குள் நின்றதில்லை. எப்போதும் வெளியில் நின்று பார்த்தவன். "இல்லை" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

முடிவு வந்தது. சுகந்தன் நீக்கப்பட்டான், எந்தக் கல்லூரி அணியோடும் அவன் இனி வேலை செய்ய ஏலாது. எனக்கு எழுத்து மூலக் கண்டனமும் ஒரு வருட விலக்கும். விசாரணையில் கேட்டபோது அதிபர் சொன்னதையும் சொல்லியிருந்தேன்; போட்டி முடியட்டும் என்று சொன்னதற்காக அவருக்கும் ஒரு கடிதம் வந்தது. அவர் அதைக் காட்டிச் சிரித்தார். "உம்மால எனக்கும் ஒரு கப்."

அந்த ஒரு வருடம் என்னை நூலகத்தில் போட்டார்கள். அலுமாரிகளுக்கு இடையில் ஒரு மேசை. அதன் யன்னலால் பார்த்தால் திடல் தெரியாது. மதிலுக்கு மேலே கோல் கம்பத்தின் தலை மட்டும் தெரியும்: ஒரு வளையம், அதில் தொங்கும் வலை, பின்னால் கொஞ்சம் கடல். பந்து வருவது தெரியும், எறிகிற கை தெரியாது. இரண்டு மாதமாகப் பந்துகள் வளையத்தில் மோதி மோதித் தெறித்தன. மூன்றாம் மாதம் ஒரு பின்னேரம் ஒரு பந்து எழும்பி வந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எண்ணினேன். பதினொன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை, கண் மங்கிவிட்டது. அப்படி எறிகிறவள் எங்கள் கல்லூரியில் ஒருத்திதான்.

என் இடத்துக்கு வந்தவர் யாழினி. கிளிவெட்டிப் பெண், முப்பது வயது, வயல் வரம்பில் ஓடிப் பழகிய கால். வந்த கிழமையே பந்து அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினாராம். பயிற்றுநர் உட்பட எவரைப் பற்றியும் ஒரு முறைப்பாட்டைக் கேட்பவர், கேட்ட அன்றே எழுத வேண்டும். ஒருவரிடம் அல்ல, கல்லூரிக்குள் ஒருவரிடமும் வெளியே ஒருவரிடமும் கொடுக்க வேண்டும். கேட்டவர் விசாரிக்கக் கூடாது, சமாதானம் செய்யக் கூடாது. யார்மீது முறைப்பாடோ அவர் அன்றிலிருந்து அணியைத் தெரிவுசெய்யக் கூடாது. அந்தத் தாளைத்தான் இப்போது உங்கள் எல்லாருக்கும் தந்திருக்கிறார்கள். சட்டம் படித்தவர்கள் எழுதியதல்ல அது. ஓரிடத்தில் எழுத்துப் பிழையும் இருக்கிறது.

வருடம் முடிந்து நான் திரும்பினேன், தலைமைப் பயிற்றுநராக அல்ல, யாழினிக்கு உதவியாக. வயதுக்கு மீறிய அலட்டல் இல்லாத பெண். வேலை செய்யச் சந்தோசமாக இருந்தது. தர்சினி இறுதி வருடத்தில் இருந்தாள். என்னோடு அளவாகக் கதைத்தாள். "சேர், பந்தில காத்துக் குறைவு" என்பாள். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்க்கவும் கூடாது.

ஒருநாள் பயிற்சிக்கு நடுவில் முதல் வருடப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. தடக்கி விழுந்து வலிக்குது என்று சொன்ன பிறகும் யாழினி மிஸ் தன்னைத் திடலைச் சுற்றி ஆறு தரம் ஓட வைத்தவ, "நடிக்காதை" என்று எல்லாருக்கும் முன்னால் ஏசினவ என்றாள். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், வாய் வரைக்கும் வந்தது. "நான் பாத்துக்கொள்ளுறன்." யாழினி நல்லவர். என்னைத் திரும்ப ஏற்றுக்கொண்டவர். ஒரு நாள் வெயில், ஒரு நாள் கோபம். ஒரு சொல் சொன்னால் தானே திருந்திக்கொள்வார். இவ்வளவும் எனக்குத் தெரியும். சுகந்தனைப் பற்றியும் எனக்கு இப்படித்தான் நிறையத் தெரிந்திருந்தது.

"வாரும்" என்றேன். "முதல்ல காலுக்கு ஐஸ். பேந்து எழுதுவம்."

நஸீமா மிஸ் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன், அவளுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு இடத்திலும் கொடுத்தேன். யாழினியிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அலுவலகம் அவருக்கு அறிவித்தது. அந்தக் கிழமைக்கான அணிப் பட்டியலை எழுத வேறு ஒருவரை அனுப்பினார்கள். பத்து நாளில் விசாரித்து முடித்தார்கள். பிள்ளை சொன்னது சரி. யாழினி ஒப்புக்கொண்டு எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். ஒரு கண்டனம் அவருடைய கோப்பிலும் ஏறியது. அந்தப் பிள்ளை கால் ஆறியதும் திடலுக்கு வந்தாள், ஓடினாள், வழமைபோல் பந்தைத் தவறவிட்டாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது முதல் நாளைப் பற்றி. கொடுத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்து வெளியே வந்தேன். யாழினி தன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படலையை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். அலுவலகக் கடிதம் கையில் இருந்தது. முகம் சிவந்திருந்தது. எனக்கு முன்னால் நின்றார்.

"எழுதினது நீங்களோ சேர்?"

"ஓம்."

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே எண்டு இப்ப மனசுக்க வருது." கடிதத்தை இரண்டாக மடித்தார். "வருது, ஆனா கேக்க மாட்டன். எத்தினை மணிக்குக் கேட்டனீங்கள்?"

"மூண்டேகாலுக்கு."

"குடுத்தது?"

"நாலு மணிக்கு."

"முக்கால் மணித்தியாலம்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் உதட்டின் ஓரம் சிரிப்பு வந்துவிட்டது. "அவ்வளவு நேரம் என்ன சேர் செய்தனீங்கள்?"

"அலுவலகம் பூட்டிக் கிடந்தது" என்றேன். "திறப்பு வச்சிருக்கிறவர் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார்."

"அதையும் எழுதியிருக்க வேணும்" என்று சொல்லிவிட்டு யாழினி வீதிக்கு இறங்கினார். நான் திரும்பிப் போய், அதையும் எழுதினேன்.